கடித்த தாலிக்கொடி

ஆஸ்பத்திரியில் என் வயிற்றுக் காயத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நேர்ஸ் பிள்ளை இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. பிளாஸ்திரி இருந்த இடம் அளவெடுத்து வெட்டினதுபோலச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. "ஐயோ அம்மா, உங்களுக்கு ஏதும் ஒத்துக்கொள்ளாத சாமான் இருக்கோ? முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள். "இருக்குப் பிள்ளை. தாலி" என்றேன். அவள் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

நான் பகிடி விடவில்லை. அந்தப் பிளாஸ்திரியின் பசையில் பைன் மரத்துப் பிசின் இருக்கிறது. மரத்தில் வடிகிறதை அப்படியே எடுத்து ஒட்டினால் அது வெயிலுக்கு இளகும், குளிருக்கு வெடிக்கும். அதனால் சீமையில் அதை ஏதேதோ ரசாயனத்தோடு சேர்த்துக் காய்ச்சி, குணத்தை மாற்றி, இறுக்கி, தகரத்தில் அடைத்து அனுப்புவார்கள். வார்னிஷ், அச்சு மை, பசை எல்லாவற்றிலும் அது போகும். அப்படிக் காய்ச்சி மாற்றின பிசின் சிலருடைய தோலுக்கு ஆகாது. முதல் தரம் ஒன்றும் தெரியாது. தொட்டுத் தொட்டு ஒருநாள் தோல் அதைப் பகையாக எடுத்துக்கொண்டால், பிறகு சாகும்வரை விடாது. புது வார்னிஷ் பூசின கதிரையில் கை வைத்தாலும் எனக்கு முழங்கை வரைக்கும் கடிக்கும். இவ்வளவும் எனக்குப் பிறகு ஒரு டாக்டர் அம்மா விளங்கப்படுத்தியது. நாசமாய்ப் போன அந்தப் பிசின் என் தோலுக்கு எப்படி அறிமுகமானது என்பதை மட்டும் ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனைக்காரி. ஐயா துறைமுகத்தில் வேலை. அம்மா எனக்கு நினைவு தெரியமுன்னமே போய்விட்டா. என்னை வளர்த்தது என் அக்கா. கன்னியாஸ்திரிமார் நடத்தின பள்ளிக்கூடத்தில் படித்தபடியால் இங்கிலீசு எனக்கு நன்றாக வரும். அது ஒரு பாவம்போலக் கலியாணப் பேச்சில் மறைக்கப்பட்டது. "கெட்டிக்காரி எண்டு சொல்லாதை, சமையல் தெரியும் எண்டு சொல்லு" என்று தரகர் அக்காவுக்குப் புத்தி சொன்னார். கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர் மாப்பிள்ளை பொருந்தியது. ஊர் யாழ்ப்பாணம், வீடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில். ஜப்பான்காரனோடு சண்டைக்காலம். காலி நகருக்குப் போகிற காலி வீதியில் பட்டாளத்து லொறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அரிசிக்குக் கூப்பன், இரவில் விளக்குக்குக் கறுப்புத் துணி. என்றாலும் கலியாணம் கலியாணம்தானே.

எங்கள் சனத்தில் கலியாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் பொன் உருக்குவார்கள். ஆசாரியார் வந்து, வந்திருக்கிற எல்லாருக்கும் முன்னால், ஒரு பவுண் காசை நெருப்பில் வைத்து உருக்குவார். உருகின பொன்னைத் தட்டில் வைத்து ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிடுவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி. இத்தனை கண் பார்க்கும்போது தாலியில் ஒரு குன்றிமணி கள்ளம் செய்ய ஏலாது. நான் போகவில்லை, பெண் போகிற வழக்கம் இல்லை. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல மஞ்சள் பொன்னடி" என்றாள். ஆனால் தாலி என்பது ஒரு நகத்தளவு. அதைத் தாங்குகிற கொடி இருக்கிறதே, கயிறு போலத் திரண்ட சங்கிலி, தாலிக்கு இரண்டு பக்கமும் சுண்டைக்காய்ப் பருமனில் பொன்மணிகள், அது கடையில் செய்து வருவது. அதை உருக்கும்போது சபை கூடுவதில்லை, தேங்காய் உடைப்பதில்லை, ஒருத்தரும் பார்ப்பதுமில்லை.

கலியாண வீட்டில் பெண்டுகள் வரிசையில் வந்து என் கழுத்துக் கொடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், சந்தையில் பூசணிக்காய் பார்க்கிற மாதிரி. மாப்பிள்ளையின் தாய், என் மாமி, பக்கத்தில் நின்று எல்லாருக்கும் சொன்னா: "என்ர மகன் ஆரிட்டையும் கைநீட்டாமல் தான் உழைச்சுச் செய்விச்சது. ஒவ்வொரு மணியும் கட்டித் தங்கம். உள்ள வெறுமை இல்லை." மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. கண்டறியாத அடக்கம்.

மாமி எங்களோடேயே இருந்துவிட்டா. அதில் எனக்குக் குறையில்லை. நன்றாகச் சமைப்பா, நன்றாகச் சண்டை பிடிப்பா, உழைப்பாளி. சித்திரை வெயில் தொடங்க, நெஞ்சில் கொடி கிடக்கிற இடம் கடிக்கத் தொடங்கியது. முதலில் சிவப்பு. பிறகு கொப்புளம். பிறகு நீர் வடிந்து பொருக்குக் கட்டும். சொறிந்தால் சுகம், சொறிந்து முடிய நரகம். அடுப்படியில் நின்று வேர்த்தால் மணிகள் தோலோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால்தான் வரும். "மாமி, கொடி பட்ட இடம்தான் கடிக்குது" என்று சொன்னேன். மாமி கையை இடுப்பில் வைத்தா. "தங்கம் கடிச்ச கதையை எங்கயாவது கேட்டனியோ பிள்ளை? தங்கம் மருந்து. பஸ்பம் ஆக்கிக் குடிக்கிற சாமான். உது கரப்பான்."

கரப்பான் என்றால் கரப்பான். மாமி வாயால் வந்துவிட்டால் அது வழக்குத் தீர்ப்பு. கத்தரிக்காய் நின்றது. நண்டு நின்றது. சூரை நின்றது. தக்காளி வாசமே வீட்டுக்குள் வரவில்லை. வேப்பெண்ணெய் பூசினோம், மஞ்சள் அரைத்துப் போட்டோம், யாரோ பரியாரியாரின் குளிகையை முலைப்பாலில் உரைக்க வேண்டும் என்று ஒழுங்கை முழுக்கப் பால் கொடுக்கிற தாயைத் தேடினோம். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தோம். எல்லாவற்றையும் சந்தேகித்தோம். நான் தின்றதை, குடித்ததை, உடுத்ததை, என் பிறந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை, ஏன், என் செத்துப்போன அம்மாவின் இரத்தத்தையும் சந்தேகித்தோம். "கொம்மாவுக்கு இப்பிடி ஏதும் இருந்ததோ?" என்று மாமி ஒருநாள் மெல்லக் கேட்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சந்தேகித்த நாங்கள், என் தோலில் இரவும் பகலும் கிடந்து தேய்ந்த அந்த ஒன்றை மட்டும் சந்தேகிக்கவில்லை. தாலியைச் சந்தேகிக்கிறவள் பெண்ணா?

நான் அப்போது மாதமாக இருந்தேன். அவர் என்னை ஒரு டாக்டர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். பறங்கிப் பெண், வயதானவ, வெடுக்கென்று கதைப்பா. என் சட்டையை விலக்கிப் பார்த்தா. கொடியை ஒரு பக்கம் தள்ளினா, மறுபக்கம் தள்ளினா. தழும்பு கொடியின் வழியே வரைந்ததுபோல இருந்தது. அவரைப் பார்த்து இங்கிலீசில் சொன்னா: இந்தச் சங்கிலியை முதலில் கழற்றுங்கள், கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், தங்கத்தில் இது வராது, இதில் வேறு ஏதோ இருக்கிறது. அவர் "யெஸ் டொக்டர், யெஸ் டொக்டர்" என்று தலையாட்டினார். ஒரு களிம்பு எழுதித் தந்தா.

வீட்டு வாசலில் மாமி காத்துக்கொண்டு நின்றா. "என்னவாம்?"

"வெக்கையாலதானம்மா. களிம்பு தந்தவ" என்றார் அவர்.

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீசு விளங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மாமிக்கு விளங்காது என்பதும் தெரியும். அறைக்குள் போனதும் கேட்டேன், "கொடியைக் கழட்டச் சொன்னதை ஏன் விழுங்கினீங்கள்?" அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அம்மாட்டை அதைச் சொல்ல ஏலுமோ? வயித்தில பிள்ளையோட தாலியைக் கழட்டுறதோ? நீரும் படிச்சனீர்தானே, கொஞ்சம் யோசியும்."

யோசித்தேன். ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போன நகரம் இது. அவர் தினமும் அந்தக் கோட்டைக்குள்ளேதான் வேலைக்குப் போய் வருகிறார். நான் கொடியைக் கழற்றின அன்று அவருக்கு ஏதும் நடந்தால் ஊர் என்னை என்ன சொல்லும், நானே என்னை என்ன சொல்லுவேன்? பயந்தேன். அவரும் என்னைப்போலத்தான் பயப்படுகிறார் என்று நினைத்து, ஐயோ பாவம் என்று அவருக்காக இரங்கினேன். அந்த இரக்கத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

மழை தொடங்கக் கடி கொஞ்சம் அடங்கியது. மாமி அதை வேப்பெண்ணெய்க் கணக்கில் எழுதினா. பிள்ளையும் பிறந்தது, பெண்பிள்ளை, நல்ல கறுத்தத் தலைமயிரோடு. மாமி பேத்தியைக் கையில் வாங்கிக் கண்ணீர் விட்டா. எனக்கு மிளகும் மல்லியுமாகப் பத்தியச் சரக்கு அரைத்துக் காய்ச்சித் தந்தா. பிள்ளைப்பெற்ற உடம்பு இறுக வேண்டும் என்று வேப்பிலையும் நொச்சியும் அவித்த கொதிதண்ணீரில் என்னைத் தோள் தொடக்கம் குளிக்க வார்த்தா. குளித்து வர, கதவை அடைத்துத் தணல் சட்டி வைத்தா. செய்ததெல்லாம் அன்பால்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொதிதண்ணீரும் அந்தத் தணலும் கொடியின் மேலேயும்தான் பட்டன. நெஞ்சு முழுக்க வெடித்துவிட்டது. பிள்ளை பால் குடிக்க வாய் வைத்தால் நான் பல்லைக் கடித்து அழுவேன். என்றாலும் கொடுத்தேன். அவள் குடிக்கும்போது ஒரு கையால் என் கொடியைப் பிடித்துக்கொள்வாள், கன்னம் அந்த மணிகளில் பதிந்து கிடக்கும். குடித்து முடித்து அப்படியே நித்திரையாவாள்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து சில நாளில் பிள்ளையின் கன்னம் சிவந்தது. ஒரு பக்கக் கன்னம். பிறகு நாடி. பிறகு அந்தப் பிஞ்சுக் கை.

"பாத்தியோ! பாத்தியோ! பிள்ளைக்குத் தொத்திப் போட்டுது!" மாமி குளறிக்கொண்டு என் மடியில் இருந்து பிள்ளையைப் பறித்தா. பறித்தா என்றுதான் எழுதுவேன், வேறு சொல் போட மாட்டேன். "உது கரப்பான் இல்லை. உது வேற. இனி உன்ர பால் பிள்ளைக்கு வேண்டாம்." எந்த நோயை நினைத்தா என்று வாயால் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அந்த நோய்க்காரரை அரசாங்கமே பிடித்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியில் வைத்திருந்தது. மாமி எனக்கு வேறு கோப்பை, வேறு பாய், வேறு செம்பு எடுத்து வைத்ததைப் பார்த்து நான் விளங்கிக்கொண்டேன்.

அவர் கந்தோரால் வந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "சொல்லுங்கோ உங்கட அம்மாவுக்கு. டாக்குத்தர் என்ன சொன்னவ எண்டு சொல்லுங்கோ. கொடியைக் கழட்டிப் பாப்பம். பிள்ளையைத் தரச் சொல்லுங்கோ." அவர் பிள்ளையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கொஞ்ச நாளைக்குப் பொறும். அம்மா சொல்லுறபடி செய்வம். பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார். பூமி! எனக்குப் பூமி ஆர் கேட்டது? மூன்று சாண் பிள்ளையைத்தானே கேட்டேன். அடுத்த நாள் பட்டாளத்துக் கன்ரீனில் தெரிந்த ஆளைப் பிடித்துத் தகரப் பாலும் சூப்பிப் போத்திலும் கொண்டுவந்தார். சண்டைக்காலத்தில் சீனி வாங்க வழி தெரியாத மனிசன், அதற்கு வழி கண்டுபிடித்தார்.

பக்கத்து அறையில் பிள்ளை அழும். என் சட்டை நனையும். தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. கல்லாகக் கட்டி, காய்ச்சல் காய்ந்து, கடைசியில் கிணற்றடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று பாலைப் பிதுக்கி, அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விட்டேன். விட்டுத் தண்ணீர் ஊற்றினேன், எறும்பு வரக்கூடாதாம். உள்ளே என் பிள்ளை சப்பிச் சப்பிப் பழகாத அந்த ரப்பரைத் துப்பிக் கத்திக்கொண்டிருந்தாள். "பழகுவள், பழகுவள்" என்று மாமி தாலாட்டுப்போலச் சொல்லிக்கொண்டிருப்பா. பிள்ளையின் கன்னம் அந்த நாட்களில் ஆறிவிட்டது. மாமி அதை என் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, எட்ட நின்று, காட்டினா. "பாத்தியே? உன்னை விட்டு விலக மாறிட்டுது." கண்ணுக்கு முன்னால் மாறித்தானே இருந்தது.

அந்த நேரத்தில்தான் டோபி வந்தான். என் சட்டைகளில் நெஞ்சுப் பக்கம் மண்ணிறத்தில் கறை இருந்தது. அவன் இரண்டு தரம் அவித்துத் துவைத்தும் போகவில்லையாம். "நோனா, மேக்க யன்னெ நே" என்று விரித்துக் காட்டினான், இது போகாது என்று. அன்றைக்கு என்னைப் பார்க்கக் கொட்டாஞ்சேனையில் இருந்து அக்கா வந்திருந்தாள். சட்டையை வாங்கி அந்தக் கறையை விரலால் தேய்த்தாள். விரல் ஒட்டியது. மணந்து பார்த்தாள். "எடியே, இது மஞ்சளும் இல்லை, எண்ணெயும் இல்லை. கதிரைக்குப் பூசுற சாமான்போல மணக்குது. நீ எங்க போய் உரஞ்சினாய்?"

நான் எங்கே போனேன்? எனக்குப் போகத் திறந்த வாசல் கிணற்றடி ஒன்றுதான். அக்கா அதற்குள் பாயில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், மாமி "தொடாதை பிள்ளை" என்று சொல்லச் சொல்ல. என் கொடியைக் கையில் தூக்கி, மணிகளை ஒவ்வொன்றாக உருட்டினாள். சங்கிலி ஓடுகிற துவாரத்தில் மண்ணிறமாய் ஒரு பொட்டு. அதில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. சின்ன, மெல்லிய, கறுத்த மயிர். பிள்ளையின் தலைமயிர். அக்கா அதை இழுக்க, தேன்போல ஒரு இழை நீண்டு வந்தது.

நான் கொடியைக் கழற்றினேன்.

மாமி போட்ட சத்தத்துக்கு அடுத்த வீட்டு ஆட்கள் மதிலடிக்கு வந்துவிட்டார்கள். "ஐயோ! புருஷன் உயிரோட இருக்க! ஐயோ என்ர பிள்ளை!" அவர் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து அப்போதுதான் படலையைத் திறந்துகொண்டு வந்தார். குடையும் கையுமாக, ஒரு சேதமும் இல்லாமல். "இந்தா நிக்கிறார் மாமி, உங்கட மகன். முழுசா நிக்கிறார்" என்றேன். கழுத்து வெறுமையாய் அவருக்கு முன்னால் நின்றேன். அவர் என் கழுத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கொடியைத்தான் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது.

மாமியின் வெற்றிலைத் தட்டம் வாசலில் கிடந்தது. பாக்குவெட்டியை எடுத்தேன். "வேண்டாம்! இஞ்சை தாரும் அதை" என்று அவர் எட்டி வந்தார். அக்கா குறுக்கே நின்றாள். ஒரு மணியைப் பாக்குவெட்டியின் வாய்க்குள் வைத்து அமத்தினேன். கட்டித் தங்கம் என்றால் வெட்டுமா? முட்டைக் கோது போல நசிந்தது. தகடு, அவ்வளவுதான், பூவிதழ்த் தடிப்பில் ஒரு பொன் தகடு. உள்ளே நிறைய மண்ணிறக் கட்டி, வெயிலில் வைத்த வெல்லம் போலப் பிசுபிசுத்தது. வாசல் முழுக்க வார்னிஷ் மணம் அடித்தது.

மாமி பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கிட்ட வந்தா. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தா. "இது என்ன?" என்று கேட்டா. கேட்டது என்னையல்ல.

"மணிக்கு உள்ள ஏதாவது விடுறது வழக்கம்தானேயம்மா" என்றார் அவர். "இல்லாட்டி நசிஞ்சு போம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை."

"கட்டித் தங்கம் எண்டெல்லோ எனக்குச் சொன்னனி? நான் சபையில அதைத்தானே சொன்னனான்!"

"சபையில கொடி தடிப்பாத் தெரியவேணும் எண்டு நீங்கள்தானே நிண்டனீங்கள். நான் என்ன செய்ய?"

"உள்ள விடுறது அரக்கு" என்றாள் அக்கா. "எங்கட அம்மாவின்ர மணிக்குள்ளயும் அரக்குத்தான். அது ஒருநாளும் இளகாது, இப்பிடி மணக்காது."

அவர் குடையை மூலையில் சாத்தினார். நேராக நிற்கும்வரைக்கும் அதைத் திருப்பித் திருப்பிச் சாத்தினார். "சண்டையால இந்தியாவில இருந்து நல்ல அரக்கு வாறேல்லையாம். வார்னிஷ் போடுறவை பாவிக்கிற சீமைப் பிசின் தகரத்தில இருக்கு, அதைத்தான் விடுறன், வெக்கைக்குக் கொஞ்சம் கசியும், பறவாயில்லையோ எண்டு ஆசாரி கேட்டவர்."

"கேட்டவர்" என்றேன் நான். "கேக்க, நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

அவர் திரும்பவும் குடையைத் தொட்டு நிமிர்த்தினார்.

"அப்ப அந்த டாக்குத்தர் அம்மா, இதுக்குள்ள வேற ஏதோ இருக்கு எண்டு சொன்ன அண்டே உங்களுக்கு விளங்கிப் போச்சு. பிள்ளையின்ர கன்னம் சிவந்த அண்டும் விளங்கினது. உங்கட அம்மா என்னை நோய்க்காரி எண்டு தனிக் கோப்பை தரேக்கையும் தெரியும். பிள்ளையைப் பறிக்கேக்கையும் தெரியும். தெரிஞ்சுகொண்டு என்னைப் பொறு எண்டு சொன்னனீங்கள்!"

"கழட்டினா ஏன் எண்டு எல்லாரும் கேப்பினம். ஆராவது ஒரு மணியை உரசிப் பாத்தா..." அவர் மெல்ல மதில் பக்கம் பார்த்தார். "மெதுவாக் கதையும். ஆக்கள் நிக்கினம்."

ஆட்கள் நிற்கினமாம்! நான் அன்று கதைத்த கதை இப்போது முழுக்க நினைவில்லை. காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பெற்ற பிள்ளையை அதன் மேல் மூடியாக வைத்து மறைத்தவரை அன்றுதான் கண்டேன் என்று சொன்னேன். ஆம்பிளையா என்று கேட்டேன். மாமி ஒரு வார்த்தை மகனுக்குப் பரிந்து வரவில்லை. அந்த மனிசி என்னை வதைத்தது பொய்யால் அல்ல, நம்பினபடியால். நம்பினது மகனை. எனக்கு அவவிலும் கோபம் இருந்தது, இருக்கிறது. ஆனால் அது வேறு கோபம்.

மாமி வந்து பிள்ளையை என் மடியில் கிடத்தினா. மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் பழக்கமில்லை. "குடு பிள்ளை" என்று மட்டும் சொன்னா.

அக்கா பன்னீர் விட்டு என் நெஞ்சைத் துடைத்தாள். நான் சட்டையை அவிழ்த்துப் பிள்ளையை அணைத்தேன். அவள் வாய் வைத்தாள். இழுத்தாள். இழுத்துப் பார்த்துவிட்டு வாயை எடுத்து என்னைப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். பிறகு முதுகை வளைத்துக்கொண்டு வீரிட்டுக் கத்தினாள். கொஞ்ச நாளாக நான் கிணற்றடிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கட்டினது தானாகவே இறங்கிவிட்டது, நோவு போனதே பெரிய காரியம் என்று இருந்துவிட்டேன். அது வற்றுகிறதென்று சொல்லித்தர எனக்குத் தாயும் இல்லை. மாமி போத்திலைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. பிள்ளை ரப்பரைக் கவ்விக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பழகிவிட்டாள்.

அக்கா விடவில்லை. கொட்டாஞ்சேனைச் சந்தையில் பால்சுறா வாங்கி வந்து வறுத்துத் தந்தாள். முருங்கையிலை, உள்ளி, வெந்தயம் எல்லாம் தின்றேன். மாமியும் தன் பங்குக்கு ஊரில் இருந்து ஏதோ வேர் எடுப்பித்து அவித்துத் தந்தா. பிள்ளையை நாள் முழுக்க நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்தேன். தோல் ஆறியது, மெல்ல மெல்லப் பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வந்தது. பால் வரவில்லை. தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். மாமிதான் கட்டிவிட்டா. கொடியின் மற்ற மணிகளை அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கந்தோருக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அந்த விசயத்தைப் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை, எடுக்காவிட்டால் நடக்கவில்லை என்று ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ.

பிள்ளைக்கு முதல் சோறு தீத்தின அன்று அவருடைய கந்தோர் நண்பர்கள் மனைவிமாரோடு வந்திருந்தார்கள். பெரிய கிளாக்கரின் மனிசி, நல்ல மனிசி, பிள்ளையின் கையில் இருந்த போத்திலைப் பார்த்துவிட்டு, "ஏன், தாய்ப்பால் குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டா. நான் வாயைத் திறக்கமுன் அவர் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு சிரித்தபடி சொன்னார்: "இவவுக்குத் தொடக்கத்தில இருந்தே பால் இல்லை."

எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"இருந்தது" என்றேன், அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க. "நிறைய இருந்தது. இந்தாள் தன்ர மானத்தைக் காப்பாத்த, நான் அதைக் கானுக்குள்ள ஊத்தினனான்."